16 வயசுக்கும் 38 வயசுக்கும் ஒரே கருத்தடை எப்படிப் பொருந்தும்?

உலகத்துல 15லேருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள் சுமார் 190 கோடி பேர், இது உலக சுகாதார நிறுவனம் 2021க்குச் சொல்ற கணக்கு. இவங்கள்ல 110 கோடி பேருக்குக் குடும்பக் கட்டுப்பாடு தேவைப்படுது, அதாவது இப்போதைக்குக் குழந்தை வேணாம், இல்ல இனிமே வேணவே வேணாம்னு இருக்கிறவங்க. அந்த 110 கோடில 87 கோடியே 40 லட்சம் பேர் மாத்திரை, காப்பர் டி, ஊசி, ஆபரேஷன், காண்டம்னு ஏதோ ஒரு நவீன முறையில இருக்காங்க. 16 கோடியே 40 லட்சம் பேர் கர்ப்பம் வேணாம்னு நினைச்சும் கையில எந்த முறையும் இல்லாம இருக்காங்க, மிச்சப் பேர் நாள் எண்ணுறது, கடைசி நேரத்துல விலகிக்கிறதுன்னு ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

இந்த நம்பரைப் பார்த்த உடனே நிறைய பேர் சொல்றது "விழிப்புணர்வு பத்தல"ன்னுதான். எனக்கு இந்தப் பதில் மேல நம்பிக்கை இல்ல, ஏன்னா பெண்கள்கிட்டயே கேட்டா வேற கதை வருது. அமெரிக்காவுல இனப்பெருக்க நலன் பத்தி ஆய்வு பண்ற குட்மாக்கர் இன்ஸ்டிடியூட் 2016ல 52 வளரும் நாடுகளோட சர்வேக்களைச் சேர்த்து வச்சுப் பார்த்தாங்க. கல்யாணமாகி, கர்ப்பம் வேணாம்னு இருந்தும் எதுவும் யூஸ் பண்ணாத பெண்கள் சொன்ன காரணங்கள்ல முதல்ல வந்தது சைட் எஃபெக்ட், உடம்புக்கு ஏதாவது ஆயிடுமோங்கிற பயம், 26 சதவீதம். எப்பவாவதுதான் சேர்ந்து இருக்கோம், அதுக்கு எதுக்குங்கிறவங்க 24 சதவீதம். தனக்கோ, கூட இருக்கிறவங்களுக்கோ இதுல இஷ்டமில்லன்னு 23. பால் குடுத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் பீரியட்ஸ் திரும்ப வரலன்னு 20. இப்படி ஒரு விஷயம் இருக்கிறதே தெரியாதுன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி. ஆக இவங்கள்ல பெரும்பாலானவங்க விஷயம் கேள்விப்பட்டு, யோசிச்சு, ஒதுங்கினவங்க. அவங்க மனசுல இருக்கிற கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லல, அந்தக் கேள்வி வயசுக்கு வயசு மாறுதுங்கிறதையும் யாரும் பெருசா எடுத்துக்கல. எனக்கு வருத்தம் இதுலதான்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயத்தைச் சொல்லிடறேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் ரெண்டு ஃபெயிலியர் நம்பர் இருக்கு. ஒண்ணு, சொன்னபடி ஒரு நாள் கூடத் தப்பாம யூஸ் பண்ணா என்ன ஆகும்ங்கிறது. இன்னொண்ணு, நிஜ வாழ்க்கையில மனுஷங்க யூஸ் பண்ற விதத்துல என்ன ஆகுதுங்கிறது. மாத்திரையை எடுத்துக்குங்க, ஒரு நாளும் விடாம போட்டா ஒரு வருஷத்துல 1000 பேர்ல 3 பேருக்குத்தான் கர்ப்பம் நிக்கும், ஆனா நிஜத்துல 100க்கு 7 பேருக்கு நிக்குது. காண்டம் 100க்கு 2, நிஜத்துல 13. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி சரியான தேதியில போட்டா 1000க்கு 2, நிஜத்துல 100க்கு 4. விலகிக்கிற முறை 100க்கு 4, நிஜத்துல 20. எதுவுமே யூஸ் பண்ணலன்னா 100க்கு 85 பேர் வருஷத்துக்குள்ள கர்ப்பமாயிடுவாங்க. இன்னொரு பக்கம் காப்பர் டி 1000க்கு 8 பேருக்கு மேல இல்ல, கையில தோலுக்கு அடியில வைக்கிற இம்ப்ளாண்ட் 1000க்கு ஒண்ணு, இதுல ரெண்டு நம்பருக்கும் நடுவுல பெரிய வித்தியாசமே இல்ல, ஏன்னா வச்சதுக்கப்புறம் யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல.

இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பொண்ணோட அலட்சியம்னு சொல்லி முடிச்சிடுறாங்க, அது நியாயமே இல்ல. தினமும் ஒரே நேரத்துல மாத்திரை போடணும்னா அதை வைக்க ஒரு இடம் வேணும், யாரும் பார்த்து கேள்வி கேக்காத ஒரு நிமிஷம் வேணும், அட்டை தீர்றதுக்கு முன்னாடி அடுத்த அட்டை வாங்கப் போற சுதந்திரமும் கைல காசும் வேணும். 38 வயசு பெண்ணுக்கு இதெல்லாம் ஓரளவுக்கு இருக்கலாம், அம்மா அப்பா கூட இருக்கிற 16 வயசுப் பொண்ணுக்கோ, கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போன 18 வயசுப் பொண்ணுக்கோ இதுல பாதி கூட இருக்காது. அதனாலதான் ஒரே மாத்திரை, ஒரே அட்டை, ஆனா சின்ன வயசுக்காரங்ககிட்ட ஃபெயிலியர் அதிகமா இருக்கு. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல 2007லேருந்து 2011 வரைக்கும் 9,256 பேரைச் சேர்த்து சாய்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது, அதுல மாத்திரை, தோல்ல ஒட்டுற பேட்ச், பிறப்புறுப்புக்குள்ள வைக்கிற ரிங் யூஸ் பண்ணவங்கள்ல 21 வயசுக்குக் கீழ இருந்தவங்களுக்குத் திட்டமிடாத கர்ப்பம் வர்ற ரிஸ்க் பெரியவங்களை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்துச்சு. காப்பர் டி, ஹார்மோன் ஐயூடி (ஐயூடின்னா காப்பர் டி மாதிரி கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சாதனம்), இம்ப்ளாண்ட் மாதிரி முறைகள்ல அந்த வயசு வித்தியாசம் காணாமலே போயிடுச்சு.

டீனேஜ் பொண்ணுங்களைப் பத்திப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லணும். வளரும் நாடுகள்ல 15லேருந்து 19 வயசுப் பொண்ணுங்கள்ல வருஷத்துக்குச் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர் கர்ப்பமாகுறாங்க, அதுல பாதி திட்டமிடாதது, சுமார் 1 கோடியே 20 லட்சம் பிரசவத்துல முடியுது, இது உலக சுகாதார நிறுவனத்தோட 2019 கணக்கு. 20-24 வயசுல பிரசவிக்கிறவங்களை விட இவங்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தத்தால வர்ற வலிப்பு, பிரசவத்துக்கு அப்புறம் கர்ப்பப்பையில தொற்று, இதெல்லாம் அதிகம், குழந்தை எடை கம்மியாவும் குறைமாசத்துலயும் பிறக்கிற வாய்ப்பும் அதிகம். நிறைய பேர் டீனேஜ் கர்ப்பம்னா உடனே கல்யாணத்துக்கு முன்னாடி நடக்கிற விஷயம்னு நினைச்சுக்கறாங்க, ஆனா வளரும் நாடுகள்ல இந்த வயசுல நடக்கிற பிரசவங்கள்ல 10க்கு 9 கல்யாணத்துக்குள்ளயோ சேர்ந்து வாழுற உறவுக்குள்ளயோதான் நடக்குதுன்னு ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் சொல்லிக்கிட்டு வருது. அப்படின்னா அந்தப் பொண்ணுக்கு "தப்பு பண்ணாத"ன்னு புத்தி சொல்லி என்ன பிரயோஜனம், அவளுக்குத் தேவை முதல் குழந்தையை ரெண்டு மூணு வருஷம் தள்ளிப்போடுறதுக்கு ஒரு வழி, அதைக் கேட்டா வீட்டுல சண்டை வராதுங்கிற ஒரு நிலைமை. புதுசா கல்யாணமானவளுக்கு எதுக்குக் கருத்தடைன்னு திருப்பி அனுப்புற டாக்டர்களும் நர்ஸுங்களும் இருக்கிற வரைக்கும் இந்த நம்பர் இறங்காது.

"குழந்தை பெத்துக்காத பொண்ணுக்குக் காப்பர் டி வைக்கக் கூடாது, பின்னாடி குழந்தையே தங்காது"ங்கிற பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. 1971ல அமெரிக்காவுல டால்கன் ஷீல்டுன்னு ஒரு ஐயூடி மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அதை வெளிய எடுக்கிறதுக்காகத் தொங்குற நூல் பல இழைகளைச் சேர்த்து ஒரு உறைக்குள்ள போட்ட மாதிரி இருந்துச்சு, அந்த இழைகள் வழியா கிருமி மேல கர்ப்பப்பைக்குள்ள ஏறிடுச்சு, நிறைய பெண்களுக்குக் கடுமையான தொற்று, சில பேருக்கு உயிரே போச்சு, 1974ல விற்பனையை நிறுத்தினாங்க. அந்தப் பயம் மொத்த ஐயூடி மேலயும் விழுந்து ஒரு தலைமுறை டாக்டர்களோட மனசுல பதிஞ்சிடுச்சு. இப்ப இருக்கிற காப்பர் டில ஒற்றை இழை நூல்தான். வச்ச முதல் மூணு வாரத்துல தொற்று ரிஸ்க் லேசா இருக்கு, அதுவும் ஏற்கனவே பால்வினைத் தொற்று இருந்தா, அதுக்கப்புறம் காப்பர் டி வைக்காதவங்களோட நிலைக்கே வந்துடுது. எடுத்த உடனே கருத்தரிக்கிற தன்மை திரும்பிடுது. உலக சுகாதார நிறுவனத்தோட மருத்துவத் தகுதி வழிகாட்டியும் வயசு கம்மிங்கிறதை மட்டும் காரணமா வச்சு எந்த முறையையும் மறுக்கக் கூடாதுன்னு தெளிவாவே சொல்லுது.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. இம்ப்ளாண்ட், ஐயூடி இதெல்லாம் நல்ல ரிசல்ட் குடுக்குதுன்னு தெரிஞ்சதும் சில இடங்கள்ல சின்னப் பொண்ணுங்க தலையில அதையே கட்டிவிடுறதும் நடக்குது. ஊசியோ மாத்திரையோ பிடிக்கலன்னா அவளே நிறுத்திக்கலாம், இம்ப்ளாண்ட் எடுக்கணும்னா இன்னொருத்தர் கை வேணும். எடுத்து விடுங்கன்னு கேட்டு வந்தா "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்"னு திருப்பி அனுப்பினா அது சேவையே இல்ல. வைக்கிற அன்னிக்கே எடுக்கிறது எங்க, யார்கிட்டன்னு சொல்லணும், கேட்ட அன்னிக்கே எடுத்து விடணும். மேல சொன்ன சாய்ஸ் ஆய்வுல காசு பிரச்சனை இல்லாம, எல்லா முறையையும் விளக்கிச் சொல்லி, நீயே எடுத்துக்கன்னு விட்டப்போ நாலுல மூணு பேர் தானாவே நீண்டகால முறையைத்தான் எடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு அதுல 86 சதவீதம் பேர் அதையே வச்சிருந்தாங்க, மத்த முறைகள்ல 55 சதவீதம்தான். யாரும் தள்ளி விட வேண்டிய அவசியமே இல்லங்கிறதுக்கு இதை விடப் பெரிய சாட்சி வேணுமா?

காண்டம் பத்தி ஒண்ணு மட்டும். கர்ப்பத்தைத் தடுக்கிறதுல மத்ததை விடப் பின்னாடி இருக்கலாம், ஆனா எச்ஐவியும் மத்த பால்வினைத் தொற்றும் பரவாம தடுக்கிற கருத்தடை அதுதான். மாத்திரையோ இம்ப்ளாண்டோ போட்டுக்கிட்டு அது கூட காண்டமும் யூஸ் பண்றது டீனேஜ் பொண்ணுங்களுக்கு ரொம்ப உசிதம்.

எமர்ஜென்சி மாத்திரை பத்தி இருக்கிற குழப்பம் வேற எதுலயும் இல்ல. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரை என்ன பண்ணுதுன்னா கருமுட்டை வெளிய வர்றதைத் தள்ளிப்போடுது, அவ்வளவுதான். ஏற்கனவே கர்ப்பம் நின்னிருந்தா அது கலைக்காது, கெடுதலும் பண்ணாது. பாதுகாப்பில்லாம சேர்ந்ததுலேருந்து 72 மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முட்டை வெளிய வர்றதுக்கான ஹார்மோன் ஏற்கனவே ஏற ஆரம்பிச்சிருந்தா இது வேலை செய்யாது. யூலிப்ரிஸ்டால்னு இன்னொண்ணு 120 மணி நேரம் வரைக்கும் போடலாம். எல்லாத்தையும் விட பலமான எமர்ஜென்சி வழி அஞ்சு நாளுக்குள்ள காப்பர் டி வச்சுக்கிறதுதான், இதை யாரும் சொல்றதே இல்ல. இன்னொரு முக்கியமான விஷயம், மாத்திரை முட்டையைத் தள்ளித்தானே போட்டிருக்கு, அப்ப அந்த மாசத்துலயே பின்னாடி அது வெளிய வரும், அதனால மாத்திரை போட்ட தைரியத்துல அதே வாரம் பாதுகாப்பில்லாம இருந்தா கர்ப்பம் நிக்கிற வாய்ப்பு நல்லாவே இருக்கு.

இப்ப அந்த 26 சதவீதம் பேரோட பயத்துக்கு வரேன். சைட் எஃபெக்ட்டே இல்லன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம்தான் வரும், ஏன்னா இருக்கு. 1960ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின முதல் கருத்தடை மாத்திரை எனோவிட், அதுல புரோஜெஸ்டின், ஈஸ்ட்ரோஜன்னு ரெண்டு ஹார்மோன், புரோஜெஸ்டின் 10 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். வாந்தி, தலைசுத்தல், சில பேருக்கு ரத்தக்கட்டி. இப்ப வர்ற மாத்திரைகள்ல ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் 20லேருந்து 35 மைக்ரோகிராம்தான். ரத்தக்கட்டி ரிஸ்க் இன்னும் இருக்கு, ஆனா எவ்வளவுன்னு பார்க்கணும். வருஷத்துக்கு 10,000 பெண்கள்ல மாத்திரை போடாதவங்களுக்கு 1லேருந்து 5 பேர், போடுறவங்களுக்கு 3லேருந்து 9 பேர், கர்ப்பமா இருக்கும்போது 5லேருந்து 20 பேர், பிரசவத்துக்கு அப்புறம் வர்ற வாரங்கள்ல 40லேருந்து 65 பேர். மாத்திரையைப் பார்த்துப் பயப்படுறவங்க கர்ப்பத்தோட ரிஸ்க்கையும் பக்கத்துல வச்சுத்தான் பார்க்கணும். 1995 அக்டோபர்ல பிரிட்டன்ல மருந்துப் பாதுகாப்புக் கமிட்டி சில புது வகை மாத்திரைகள்ல ரத்தக்கட்டி ரிஸ்க் ரெண்டு மடங்குன்னு அவசரமா எச்சரிக்கை விட்டாங்க, டிவிலயும் பேப்பர்லயும் அந்த "ரெண்டு மடங்கு" மட்டும் ஓடுச்சு, எவ்வளவோட ரெண்டு மடங்குங்கிறது ஓடல. அட்டை பாதியில இருக்கும்போதே நிறைய பேர் நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் அங்க அபார்ஷன் எண்ணிக்கை ஏறிடுச்சு. அரைகுறையா சொன்ன ஒரு உண்மை எவ்வளவு பேரோட வாழ்க்கையில போய் விழுந்திருக்கு பாருங்க.

நிஜமாவே யாருக்கு ஆகாதுங்கிறதை நேராச் சொல்லிடலாம். 35 வயசுக்கு மேல சிகரெட் பிடிக்கிறவங்க, தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் வெட்டுற மாதிரி தெரியுற மைக்ரேன் இருக்கிறவங்க, பிபி ரொம்ப அதிகமா இருக்கிறவங்க, முன்னாடி ரத்தக்கட்டி வந்தவங்க, இவங்கெல்லாம் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது, இவங்களுக்கு வேற முறை இருக்கு. டிபிக்குப் போடுற ரிஃபாம்பிசின், வலிப்புக்குப் போடுற கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் இதெல்லாம் மாத்திரையோட பலத்தைக் குறைச்சிடும். மத்த சாதாரண ஆன்டிபயாடிக் எதுவும் குறைக்காது, அந்தப் பேச்சு தேவையில்லாம பரவிடுச்சு. இன்னொரு பக்கம், சினைப்பை புற்றுநோய், கர்ப்பப்பை உள்சுவர் புற்றுநோய் ரெண்டோட ரிஸ்க்கையும் மாத்திரை குறைக்குது, நிறுத்தின பல வருஷத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கு. மார்பகப் புற்றுநோய் ரிஸ்க் மாத்திரை போடுற காலத்துல லேசா கூடுது. ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் ஒரு பெண்ணால முடிவெடுக்க முடியும்.

மாத்திரை மறந்தா என்ன பண்றதுங்கிறது அட்டையோட சேர்த்தே சொல்லித் தர வேண்டியது. ஒண்ணு விட்டுப்போனா ஞாபகம் வந்த உடனே போட்டுட்டு அடுத்ததை வழக்கமான நேரத்துல போட்டுக்கலாம். ரெண்டு மூணு விட்டா ஏழு நாள் காண்டமும் சேர்த்துக்கணும். புது அட்டை ஆரம்பிக்கிற முதல் சில நாள்ல விடுறதுதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா ரெண்டு அட்டைக்கு நடுவுல இருக்கிற ஏழு நாள் ஹார்மோன் இல்லாத இடைவெளி எட்டு, ஒன்பது நாளா நீளும்போது முட்டை வளர ஆரம்பிச்சிடும்.

ஊசியில பயமுறுத்துற விஷயம் பீரியட்ஸ் மாறிப் போறது. முதல்ல கண்ட நேரத்துல ரத்தம் படும், அப்புறம் பல பேருக்கு நின்னே போயிடும். கெட்ட ரத்தம் உள்ளயே தங்குதுன்னு நினைச்சு எத்தனையோ பேர் விட்டுடறாங்க. உள்ள எதுவும் தங்கல, கர்ப்பப்பை உள்சுவர் வளரவே இல்ல, அதனால வெளிய வர்றதுக்கு ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். இதை ஊசி போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சொன்னா போதும். எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறையுது, நிறுத்தினா பெரும்பாலும் திரும்புது, எலும்பு வளர்ற வயசுல இருக்கிற 18க்குக் கீழ உள்ளவங்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். அதோட ஊசியை நிறுத்தின பிறகு கருத்தரிக்கச் சராசரியா 10 மாசம் வரைக்கும் ஆகலாம், அடுத்த வருஷம் குழந்தை வேணும்னு நினைக்கிறவங்களுக்கு ஊசி சரியான முறை இல்ல.

பிரசவத்துக்கு அப்புறம் வர்ற காலம்தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். பால் குடுத்தா கர்ப்பம் நிக்காதுங்கிறது பொய் இல்ல, ஆனா மூணு கண்டிஷன் சேர்ந்து இருக்கணும். குழந்தைக்கு ஆறு மாசம் ஆகியிருக்கக் கூடாது, ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும், பீரியட்ஸ் திரும்பியிருக்கக் கூடாது. மூணும் இருந்தா 98 சதவீதப் பாதுகாப்பு. ஒண்ணு தப்பினாலும் முடிஞ்சுது. பால் குடுக்காதவங்களுக்கு நாலு வாரத்துலயே முட்டை வெளிய வந்துடலாம், அது பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே நடக்குது, அதனால பீரியட்ஸ் வரட்டும் பார்த்துக்கலாம்னு காத்திருக்கிறவங்க ஏமாந்துடறாங்க. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவுல குறைஞ்சது 24 மாசம் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிரசவம் ஆகி 48 மணி நேரத்துக்குள்ளயே காப்பர் டி வச்சுக்கலாம், பால் குடுக்கிறவங்க புரோஜெஸ்டின் மட்டும் இருக்கிற மாத்திரை போட்டுக்கலாம், ஈஸ்ட்ரோஜன் கலந்ததை மட்டும் தள்ளி வைக்கணும்.

வயசு கூடினதும் பல பெண்கள் போய் நிக்கிற இடம் ஆபரேஷன். 2019ல ஐக்கிய நாடுகள் சபை எடுத்த கணக்குப்படி உலகத்துலயே அதிகமா இருக்கிற கருத்தடை முறை பெண் கருத்தடை ஆபரேஷன்தான், 21 கோடியே 90 லட்சம் பேர். ஆண்கள் பண்ணிக்கிற வாசெக்டமி 1 கோடியே 60 லட்சம். வாசெக்டமி சின்ன வேலை, வயித்தைத் திறக்க வேண்டியதில்ல, மரத்துப்போற ஊசி போதும், ஃபெயிலியரும் இன்னும் கம்மி, மூணு மாசம் கழிச்சு விந்து டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற வரைக்கும் வேற பாதுகாப்பு வேணும்ங்கிறது மட்டும்தான். உறவோ பாலியல் ஆசையோ அதனால குறையறதில்ல. இத்தனை இருந்தும் 14 பெண்ணுக்கு ஒரு ஆண்ங்கிற விகிதத்துல நிக்குது, இதுக்கு மருத்துவக் காரணம் எதுவுமே கிடையாது. பத்து மாசம் சுமந்து, பெத்து, தையல் போட்டு வந்த உடம்பையே மறுபடியும் டேபிள்ல ஏத்துறாங்க.

ஆபரேஷன்ல வயசு ரொம்பப் பேசுது. அமெரிக்காவுல கிரெஸ்ட்னு ஒரு நீண்ட ஆய்வுல ஆபரேஷன் பண்ணும்போது 30 வயசு அல்லது அதுக்குக் கீழ இருந்தவங்கள்ல 20 சதவீதம் பேர் 14 வருஷத்துக்குள்ள ஏன் பண்ணோம்னு வருத்தப்பட்டிருக்காங்க, 30க்கு மேல பண்ணவங்கள்ல 6 சதவீதம்தான். குழந்தை தவறிப்போறது, கணவர் இறந்து போறது, பிரிஞ்சு மறுகல்யாணம் பண்றது, இதெல்லாம் 24 வயசுல யாரும் யோசிக்கிறதில்ல. காப்பர் டி 10, 12 வருஷம் வரைக்கும் நிக்கும், அதே அளவு பாதுகாப்பு, வேணும்னா எடுத்துக்கலாம். இதைச் சொல்லாம 25 வயசுப் பொண்ணுகிட்ட ஆபரேஷன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினா அதை அவளோட சம்மதம்னு எப்படிச் சொல்றது? குழந்தைகளோட எண்ணிக்கையையும் இடைவெளியையும் சுதந்திரமா முடிவு பண்றது மனித உரிமைன்னு 1968ல தெஹ்ரான்ல நடந்த மனித உரிமை மாநாட்டுலயே உலக நாடுகள் ஒத்துக்கிட்டாச்சு, 1994ல கெய்ரோவுல நடந்த மக்கள்தொகை மாநாட்டுல 179 நாடுகள் இன்னும் ஒரு படி மேல போய் மக்கள்தொகை டார்கெட்டை விடப் பெண்ணோட முடிவுதான் முக்கியம்னு பேசினாங்க.

கடைசியா 40ஐத் தாண்டினவங்க. பீரியட்ஸ் தாறுமாறா வர ஆரம்பிச்சதும் இனிமே நமக்கு எதுக்குன்னு விட்டுடறாங்க, ஆனா முட்டை நின்னு நின்னு வந்துக்கிட்டுதான் இருக்கும், இந்த வயசுக் கர்ப்பத்துல சர்க்கரையும் பிபியும் வர்ற வாய்ப்பு அதிகம். 50 வயசுக்குள்ள பீரியட்ஸ் நின்னா ரெண்டு வருஷம், 50க்கு மேல நின்னா ஒரு வருஷம் கருத்தடையைத் தொடரணும். 40க்கு மேல வச்ச காப்பர் டியை அந்தக் காலம் முடியுற வரைக்கும் மாத்தாமலே வச்சுக்கலாம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கலப்பு மாத்திரை போடுறவங்களுக்கு மாசா மாசம் வர்ற ரத்தம் மாத்திரை நிறுத்துற இடைவெளியால வர்றது, அதை வச்சு மெனோபாஸ் வந்துச்சா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது, 50 வயசானதும் அதை விட்டுட்டு வேற முறைக்கு மாறிட்டுத்தான் பார்க்கணும். 55 வயசுக்கு மேல தானா கர்ப்பம் நிக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம்ங்கிறதால அப்ப பீரியட்ஸ் லேசா வந்துக்கிட்டு இருந்தாலும் பொதுவா நிறுத்திடலாம்.